டானிக் குடித்த மாடு ஏன் படுத்தது?

தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். கிணற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர், அதில் கால் ஏக்கர் தீவனப்புல், கொட்டகையில் மூன்று மாடுகள் என்று ஓடும் குடும்பம். மூன்றில் வீட்டைத் தாங்குவது ஜெர்சி கலப்பினப் பசுதான். வேளைக்கு ஆறு, ஏழு லிட்டர் கறக்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் முதல் சங்கத்தில் வாங்கிய தீவனக் கடன் வரை அதன் மடியை நம்பித்தான்.

போன ஐப்பசியில் அந்த மாட்டுக்கு நான்காவது ஈத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு நல்லபடியாகக் கன்று போட்டது. நஞ்சுக்கொடியும் நேரத்துக்கு விழுந்தது. மடி கல் மாதிரி கனத்து நின்றதால், வீட்டுக்காரம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சீம்பால் கறந்தார். எட்டு லிட்டருக்கு மேல் இருந்தது. கன்றுக்குப் போக மீதி நாலு வீட்டுக்குப் போனது.

இரவு பதினோரு மணிக்கு மாடு பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்துத் தள்ளாடியது. பல்லை நறநறவென்று கடித்தது. ஈன்ற அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டார்கள். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால், மாடு உட்கார்ந்த நிலையில் தலையை விலாப்பக்கம் மடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. காது சில்லிட்டிருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. அசை போடவில்லை, சாணி போடவில்லை. தட்டினாலும் எழவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார். "சுக்கு, மிளகு தட்டிப் போட்டுக் கசாயம் காய்ச்சு அம்மிணி, மூங்கில் குழாயில ஊத்திரலாம்" என்றார். கசாயம் தயாராகும் நேரத்தில் மகன் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டான். "வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், விழுங்கும் சக்தி இருக்காது. நுரையீரலுக்குள் போய்விடும். சாய்ந்து விழாமல் இரண்டு பக்கமும் சாக்கு மூட்டை வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, விடியும் முன்னே அவர் வண்டியில் வந்து சேர்ந்தார். அந்தக் குழாய்க் கசாயம் உள்ளே போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கழுத்து நரம்பில் கால்சியம் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ஒரு கையில் புட்டி, மறு கையில் நெஞ்சுத்துடிப்பைக் கேட்கும் குழல். அரை மணி நேரத்துக்குள் மாட்டின் உடம்பு நடுங்கியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது, பிறகு பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. பார்த்தவர்களுக்கு மந்திரம் போட்ட மாதிரிதான் இருந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஒரு மாசமா தினமும் நூறு மில்லி கால்சியம் டானிக் ஊத்துனமுங்களே டாக்டரம்மா. அப்புறம் எப்படிங்க சுண்ணாம்புச் சத்து இல்லாமப் போகும்?"

"அதை ஊத்துனதும் ஒரு காரணம்தான் அக்கா" என்றார் மருத்துவர்.

கறவை மாடு வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் இதே தவறு, நல்ல எண்ணத்தோடு நடக்கிறது. அதனால் மருத்துவர் சொன்ன அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

இந்த நோய்க்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயரில்தான் காய்ச்சல். தொட்டால் உடம்பு சில்லென்றுதான் இருக்கும். பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் வரும். முதல் ஈத்துக் கிடேரிக்கு அபூர்வம். மூன்றாவது ஈத்துக்கு மேல் அதிகம். ஜெர்சி ரத்தம் உள்ள மாடுகளுக்கு மற்ற இனங்களைவிட இன்னும் அதிகம். தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டங்களில் பெரும்பாலும் இருப்பது ஜெர்சி கலப்பினம் என்பதால், இது நம் வீட்டுப் பிரச்சினை. "காங்கேயம் மாடு கட்டியிருந்த காலத்துல இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல" என்று அந்தப் பெரியவர் சொன்னதும் சரிதான். கன்று குடித்தது போகக் கொஞ்சம் கறக்கும் நாட்டு மாட்டின் மடி, ரத்தத்திலிருந்து இவ்வளவு சுண்ணாம்புச் சத்தை ஒரே நாளில் உறிஞ்சுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. எட்டு லிட்டர் கறந்தால் 16 கிராம் வெளியே போயிற்று. மாட்டின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ எந்த நேரத்திலும் மொத்தமாக இரண்டு, மூன்று கிராம்தான். அப்படியென்றால் ஒரே இரவில் ரத்தம் தன்னிடம் இருப்பதைப் போல ஐந்தாறு மடங்கை எங்கிருந்தோ கொண்டுவந்து மடிக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கிருந்து வரும்? எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும். எலும்பில் பஞ்சமே இல்லை. ஒரு வளர்ந்த மாட்டின் எலும்புக்கூட்டில் ஐந்து கிலோவுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. குதிர் நிறைய நெல் இருக்கிறது, அடுக்களைத் தூக்குச்சட்டியில்தான் அரிசி இல்லை என்கிற நிலைமை. குதிரின் சாவி கழுத்தில் தைராய்டுக்கு ஒட்டி இருக்கும் பாராதைராய்டு என்ற சிறு சுரப்பியிடம் இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் அந்தச் சுரப்பி தன் ஹார்மோனை விடும். அது எலும்பைக் கரைக்கச் சொல்லும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைத் தூண்டிவிட்டு, தீவனத்தில் உள்ள கால்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்யும்.

சிக்கல் இங்கேதான். இந்த ஹார்மோன் வேலை பொத்தானை அழுத்தினால் எரியும் விளக்கு அல்ல. குடல் தயாராக ஒரு நாள், எலும்பு தயாராக இரண்டு நாளாவது பிடிக்கும். சினையின் கடைசி மாதம் முழுக்க டானிக், தாராளமாக வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழை என்று கால்சியம் கொட்டிக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் அளவு குறையவே குறையாது. சுரப்பிக்கு வேலையே இல்லை. அது தூங்கிப்போகும். கன்று விழுந்த இரவில் திடீரென்று பதினாறு கிராம் கேட்டால், தூங்குகிறவன் எழுந்து சாவியைத் தேடி எடுப்பதற்குள் மாடு படுத்துவிடுகிறது.

வயதான மாட்டில் எலும்பு கரைவதும் மெதுவாகும், குடல் உறிஞ்சுவதும் குறையும். நான்காவது ஈத்தில் படுப்பதற்கு அதுவும் சேர்ந்த காரணம்.

பசும்புல்லிலும் ஒரு கண்ணி

டானிக் மட்டும் குற்றவாளி இல்லை. அந்த வீட்டில் கால் ஏக்கர் கம்பு நேப்பியர் புல் இருக்கிறது. கொட்டகைக் கழுவுநீர் முழுவதும் நேராக அந்த வயலுக்குத்தான் பாய்கிறது. புல் கரும்பு மாதிரி நிற்கும். மாட்டுச் சிறுநீரில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம் மிக அதிகம். அதைக் குடித்து வளரும் புல், தேவைக்கு மேல் பொட்டாசியத்தைத் தண்டில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் புல்லை நிறைமாதச் சினை மாட்டுக்கு வயிறு முட்டப் போட்டால் அதன் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும். ரத்தம் அப்படி இருக்கும்போது பாராதைராய்டு ஹார்மோன் சத்தம் போட்டாலும் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் காது சரியாகக் கேட்காது. சாவி இருக்கிறது, பூட்டு துருப்பிடித்திருக்கிறது. பொட்டாசியம் அதிகமானால் மெக்னீசியம் உடம்பில் சேர்வதும் குறையும். மெக்னீசியம் இல்லாவிட்டால் அந்த ஹார்மோன் சுரப்பதும் மட்டுப்படும். போதாக்குறைக்கு நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட், கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இதனால் நேப்பியர் புல்லைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. கறக்கும் மாட்டுக்கு அது நல்ல தீவனம். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் அதைக் குறைத்து, மக்காச்சோளத் தட்டு, சோளத்தட்டு போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். மக்காச்சோளத் தீவனத்தில் பொட்டாசியம் ஒப்பிட்டால் குறைவு. இடம் இருப்பவர்கள் கழுவுநீர் பாயாத ஒரு பாத்தியைச் சினை மாட்டுக்கென்று ஒதுக்கிவைப்பது நல்லது.

நார்வே நாட்டு ஆய்வாளர்கள் பால் காய்ச்சலைத் தடுக்கும் இந்த வழியைக் கண்ட விதம் சுவையானது. அந்த நாடுகளில் குளிர்காலத்துக்கு ஊறுகாய்ப் புல் போடும்போது அமிலம் சேர்ப்பது வழக்கம். அந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக ஃபின்லாந்தின் விர்ட்டானென் 1945-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். குளோரைடும் கந்தகமும் கூடிய தீவனம் தின்ற மாடுகள் ஈன்ற பிறகு படுப்பது குறைவு என்று நார்வேயில் பார்த்தார்கள். ரத்தம் கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்தால் ஹார்மோனின் பேச்சு எடுபடுகிறது என்பது அதன் பொருள். அம்மோனியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட் போன்ற உப்புகளைக் கடைசி மூன்று வாரம் தீவனத்தில் கலக்கும் முறை இதிலிருந்துதான் வளர்ந்தது. ஆனால் அந்த உப்புகள் கசக்கும், அளவு மிஞ்சினால் மாடு தீவனத்தையே வெறுக்கும். சிறுநீரின் அமில கார நிலையைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்க வேண்டிய சமாச்சாரம். மருத்துவர் துணையில்லாமல் இரண்டு மாட்டுக்காரர் தொடவேண்டாம்.

சைக்கிள் பம்பு வைத்தியம்

பழைய காலத்தில் இந்த நோய் வந்த மாடுகளில் பாதிக்குமேல் செத்துப்போயின. டென்மார்க்கில் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர் 1897-ல், நோய் மடியில் இருக்கிறது என்று எண்ணி, காம்பு வழியாக மருந்து நீரை உள்ளே ஏற்றிப் பார்த்தார். மாடுகள் எழுந்தன. பிறகு, மருந்தே வேண்டாம், வெறும் காற்றை அடித்தாலே போதும் என்று தெரிந்தது. ஐரோப்பிய விவசாயிகள் சைக்கிள் பம்பை வைத்து மடிக்குக் காற்றடித்து மாட்டை எழுப்பினார்கள். ஏன் எழுந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மடி காற்றால் நிறைந்ததும் பால் ஊறுவது நின்றது. கால்சியம் வெளியே போவது நின்றது. ரத்தத்தில் இருந்தது ரத்தத்திலேயே தங்கியது. குறைவது கால்சியம்தான் என்று 1925-ல் ஸ்காட்லாந்தில் ட்ரையர், கிரெய்க் இருவரும் எடுத்துச் சொன்ன பிறகே புதிர் அவிழ்ந்தது. இப்போது இந்தக் காற்றடிப்பை யாரும் செய்துபார்க்க வேண்டாம். மடிநோய் வந்து காம்பு போய்விடும்.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் மட்டும் மிச்சம். முதல் நாளே மடியைச் சொட்டச் சொட்டக் காலி செய்ய வேண்டியதில்லை. கன்றுக்கு வேண்டிய சீம்பாலை ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் கறந்து கொடுத்துவிட்டு, மீதியை முதல் ஒன்றிரண்டு நாள் பகுதியாகக் கறந்தால் போதும். முன்பு பால் காய்ச்சல் கண்ட மாட்டுக்கு இது ஓரளவு உதவும். முழுத் தீர்வு இல்லை.

வயிறும் நிற்கும்

கால்சியம் குறைந்தால் கால் மட்டும்தான் தளரும் என்று நினைப்பவர்கள் உண்டு. சதை சுருங்கி விரிய எங்கெல்லாம் வேண்டுமோ அங்கெல்லாம் கால்சியம் வேண்டும். முதல் வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை புரண்டு கொடுப்பதும் சதை வேலைதான். அது நின்றால் அசை நிற்கும், வாயு சேர்ந்து வயிறு உப்பும். கருப்பை சுருங்காமல் நஞ்சுக்கொடி தங்கும். காம்பின் நுனி சரியாக மூடாமல் மடிநோய்க் கிருமி உள்ளே நுழையும். நான்காம் இரைப்பை காற்றடைத்து இடம் பெயர்வதும் உண்டு. படுக்காமல் நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்கும் உள்ளுக்குள் கால்சியம் குறைந்திருக்கலாம். "நல்லாத்தான் நிக்குது, தீனி மட்டும் எடுக்க மாட்டேங்குது" என்று சொல்லப்படும் ஈன்ற மாடுகளில் பலவற்றின் கதை இதுதான்.

ஆகவே கால்சியம் டானிக்கைக் கொட்டிவிட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். கன்று விழுந்த பிறகு, மாடு எழுந்து நின்று தானாக விழுங்கும் நிலையில், கால்சியம் ஜெல் ஒன்று, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று கொடுப்பது நல்ல பழக்கம். மூன்றாவது ஈத்துக்கு மேற்பட்ட மாட்டுக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். படுத்துவிட்ட மாட்டுக்கு மட்டும் வாய்வழி எதுவும் ஆகாது. நரம்பில் ஏற்றுவதைப் பழகியவர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடமும் விடக்கூடாது. வேகமாக ஏறினால் நெஞ்சு நின்று, ஊசி குத்திய இடத்திலேயே மாடு விழுந்து சாகும்.

இரண்டாவது அடி

தாராபுரத்து மாடு எழுந்துவிட்டது. பாலும் ஏறியது. பன்னிரண்டாம் நாள் பத்து லிட்டரைத் தொட்டது. பதினெட்டாம் நாள் திடீரென்று ஆறு லிட்டராகச் சரிந்தது. அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. வைக்கோலை மட்டும் கொறித்தது. சாணி உருண்டை உருண்டையாக, கெட்டியாக விழுந்தது. முகத்துக்கு அருகே போனால் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி ஒரு தித்திப்பு வாடை.

மருத்துவர் சிறுநீரைச் சோதித்தார். கீட்டோசிஸ்.

ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 45 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. பத்து லிட்டர் கறக்கும் மாடு தினமும் அரைக் கிலோ சர்க்கரையை மடிவழியே கொடுக்கிறது. மாடு தின்னும் மாவையும் சர்க்கரையையும் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் முந்திக்கொண்டு தின்று அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அந்த அமிலங்களில் ஒன்றான புரோபியானிக் அமிலத்திலிருந்துதான் கல்லீரல் சர்க்கரையைப் புதிதாகச் செய்யவேண்டும். ஈன்ற முதல் மாதத்தில் மாட்டுக்குப் பசி மெதுவாகத்தான் ஏறும்; பால் வேகமாக ஏறும். இடையில் விழும் பள்ளத்தை உடம்புக் கொழுப்பு நிரப்பவேண்டும்.

அதற்கும் ஹார்மோன்தான் வழி செய்கிறது. ஈனும் சமயத்தில் மாட்டின் உடம்பில் இன்சுலின் குறைகிறது, வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பதால் இன்சுலின் என்ற பெயர் எல்லோருக்கும் பழக்கம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சதைக்கும் கொழுப்புக்கும் உள்ளே விடும் வாயிற்காவலன் அது. மடிக்கு மட்டும் அந்தக் காவலனின் அனுமதி தேவையில்லை. அதனால் இன்சுலின் குறைந்தால் சதைக்குப் போகாத சர்க்கரை நேராக மடிக்குப் போகும். கன்றைக் காப்பாற்ற இயற்கை செய்த ஏற்பாடு. ஆனால் இன்சுலின் குறைந்ததும் கொழுப்புக் கிடங்கின் கதவும் திறந்துகொள்ளும். கரைந்த கொழுப்பு ஒரே சமயத்தில் கல்லீரலில் வந்து குவிந்தால், முழுவதும் எரியாமல் கீட்டோன் என்ற பாதிக் கழிவாக ரத்தத்தில் சேரும். கீட்டோன் கூடினால் பசி இன்னும் அடங்கும், அதனால் இன்னும் கொழுப்பு கரையும். வளையம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இதில் யார் முதலில் மாட்டுவது? ஈனும்போது கொழுத்து நிற்கும் மாடு. அந்த வீட்டில் பால் மறந்த இரண்டு மாதமும் மாட்டுக்கு வயிற்றில் பிள்ளை என்று சொல்லி நான்கு கிலோ அடர்தீவனம் போனது. வால் அடியில் கை வைத்தால் எலும்பே தட்டுப்படாத அளவுக்குக் கொழுப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். அதுதான் ஈனும் மாட்டுக்குச் சரியான உடல்வாகு. ஈனுவதற்குள் மெலிய வைக்கலாம் என்று பட்டினி போடுவது அதைவிட ஆபத்து, அப்போதே கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய் அப்பிக்கொள்ளும்.

கீட்டோசிஸுக்கு மருத்துவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார், சில நாட்கள் வாய்வழி புரோப்பிலீன் கிளைக்கால் கொடுக்கச் சொல்வார். அது முதல் வயிற்றைத் தாண்டிப் போய்க் கல்லீரலில் சர்க்கரையாக மாறும். வெல்லம் கரைத்து ஊற்றுவது கிராமத்துக் கைவைத்தியம். அதில் பெரும்பகுதி முதல் வயிற்றிலேயே நுண்ணுயிரிக்கு விருந்தாகிவிடுகிறது, கல்லீரலுக்குக் கிடைப்பது சொற்பம். சர்க்கரை நோயாளிகளுக்காக மருந்துக் கடையில் விற்கும் சிறுநீர்க் கீட்டோன் பட்டை மாட்டுச் சிறுநீருக்கும் வேலை செய்யும். ஈன்ற இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒருமுறை சோதித்துவிட்டால், பால் சரிவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

கஞ்சித்தொட்டி

பால் சரிந்ததும் அந்த வீட்டில் அடுத்து நடக்கவிருந்ததை மருத்துவர் தற்செயலாகப் பார்த்துத் தடுத்தார். கொட்டகை மூலையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய மக்காச்சோள மாவும் ரேசன் அரிசியும் சேர்த்து வேகவைத்த கஞ்சி. "தெம்பு வரட்டும்னு காய்ச்சுனேனுங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

வைக்கோலுக்குப் பழகிய முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள்தான் கூட்டமாக இருக்கும். மாவுச் சத்தைக் கையாளும் கூட்டம் பெருக இரண்டு, மூன்று வாரம் வேண்டும். உருவாகும் அமிலத்தை உறிஞ்சும் வயிற்றுச் சுவரின் சிறுவிரல் போன்ற மடிப்புகள் வளர அதற்கும் மேலே ஆகும். அதற்குள் திடீரென்று சோறும் மாவும் கொட்டினால் லாக்டிக் அமிலம் பொங்கும், வயிறு புரள்வது நிற்கும், புளித்த வாடையோடு தண்ணீராகக் கழியும், கண் குழி விழும். கடுமையாகப் போனால் ஒரே நாளில் மாடு சாகும். தப்பினாலும் குளம்பு வீங்கி நொண்டும். கல்யாண மண்டப மிச்சச் சோற்றையும் மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பானையோடு வைத்த பொங்கலையும் தின்று செத்த மாடுகள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அப்படித் தின்றுவிட்டது தெரிந்தால், நோய்க்குறி தெரியும்வரை காத்திராமல் மீதி தானியத்தை எடுத்துவிட்டு, வைக்கோல் மட்டும் போட்டு, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அடுத்த ஈத்துக்கு

மாட்டுக்கு மறுபடி சினை பிடித்து, ஏழு மாதம் முடிந்ததும் கறவையை நிறுத்தினார்கள். முதல் ஐந்து வாரம் சோளத்தட்டு, வைக்கோல், கொஞ்சம் பசும்புல். அடர்தீவனம் ஒரு கிலோவோடு சரி. ஈனுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி இரண்டு, இரண்டரைக் கிலோவில் நிறுத்தினார்கள். வயிறு பழகட்டும் என்பதற்காக. நேப்பியர், அகத்தி, டானிக் மூன்றும் அந்த மூன்று வாரம் கொட்டகைப் பக்கம் வரவில்லை. மெக்னீசியம் குறையாதபடி மருத்துவர் எழுதிக்கொடுத்த கலவை மட்டும் போனது.

ஈன்ற பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் அடர்தீவனம் ஏறியது. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்கோடு, உடம்புப் பராமரிப்புக்குத் தனியாக ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ. தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம், இனிமேல் தடையில்லை. அகத்தியும் வேலிமசாலும் தாராளமாகத் தரலாம்.

செலவு அதிகமா என்று கேட்டால், மிச்சம்தான். ஒரு மாத டானிக்கின் விலை, இரண்டு மாதத்துக்கு வீணாகப் போட்ட அடர்தீவனம், இரண்டையும் கூட்டினால் ஜெல்லுக்கும் தாது உப்புக்கும் ஆன காசைத் தாண்டும். பால் இழப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

புரட்டாசிக் கடைசியில் மாடு ஐந்தாவது கன்றைப் போட்டது. அன்று இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை டார்ச் விளக்கோடு போய்க் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரம்மா. கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும் 1962 என்ற எண்ணைக் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் பெரிதாக எழுதி வைத்திருந்தான் மகன். மூன்று மணிக்குப் போனபோது மாடு படுத்துக்கொண்டுதான் இருந்தது, நெஞ்சு திக்கென்றது. தலை நிமிர்ந்திருந்தது, காது வெதுவெதுப்பாக இருந்தது, வாய் அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, படுத்துத் தூங்குங்க. மாடு அசை போடுது" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, கன்றின் மேல் சாக்கை இழுத்துப் போட்டார்.